காய்ச்சல் மருந்தும் கணக்கு நோட்டும்

குழந்தைக்கு உடம்பு சுடுகிறது என்றால் அன்று அந்த வீட்டில் தறி ஓடுவதில்லை. பாவு பாதியில் நிற்கும். தார் சுற்றும் இராட்டை மூலையில் கிடக்கும். வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனவரும் மடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு விரைந்து வருவார். வீட்டிலுள்ள அத்தனை பேரும் தேடுவது ஒன்றே ஒன்றைத்தான்: சென்ற முறை வாங்கிவைத்த காய்ச்சல் மருந்துப் புட்டி.

அந்தப் புட்டியில் இருப்பது பெரும்பாலும் பாரசிட்டமால் என்னும் மருந்து. நோவையும் காய்ச்சலையும் தணிப்பதற்குக் குழந்தைகளுக்கு முதலில் கொடுக்கத் தக்கது இதுவே என்பது இன்றைய வைத்திய நூலாரின் முடிவு. உரிய அளவில் கொடுத்தால் இதைவிடச் சாதுவான மருந்து வேறில்லை எனலாம். அளவு மீறினாலோ ஓசையின்றி ஈரலைத் தின்றுவிடும். ஆகவே இம்மருந்தின் நன்மையும் தீமையும் புட்டிக்குள் இல்லை. கொடுப்பவர் கையில் இருக்கின்றன.

நம் சங்கங்களில் நூல் கொடுக்கும்போது எடை போடுகிறோம்; நெய்த துணியை வாங்கும்போதும் எடை போடுகிறோம். இரண்டையும் நோட்டில் பதிகிறோம். விளைபொருளும் அப்படியே. ஒரு கிலோ நூல் கணக்கில் குறைந்தால் அதற்காகக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கிறோம். ஆனால் பெற்ற குழந்தையின் வாயில் மருந்தை ஊற்றும்போது எடையும் பார்ப்பதில்லை, அளவும் பார்ப்பதில்லை, எழுதியும் வைப்பதில்லை. சங்கத்தில் நாம் கற்ற அந்தப் பழக்கத்தை அடுக்களை அலமாரி வரையில் கொண்டுசெல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு வீட்டில் ஓர் இரவு

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டு வயதுப் பெண் குழந்தை; எடை 10 கிலோ. மாலையிலிருந்து காய்ச்சல். இரவு 8 மணிக்குத் தாய் வீட்டிலிருந்த சிரப்பில் 5 மில்லிலிட்டர் கொடுக்கிறாள். அதில் 120 மில்லிகிராம் பாரசிட்டமால் உண்டு. இது சரியான அளவு.

மூக்கும் ஒழுகுகிறதே என்று தகப்பன் கடைக்குப் போய்ச் சளி மருந்து ஒன்று வாங்கிவந்து 10 மணிக்குக் கொடுக்கிறான். அந்தக் கலவையிலும் 125 மில்லிகிராம் பாரசிட்டமால் கலந்திருப்பதை அவன் அறியான். நடுநிசிக்குப் பிறகு 2 மணிக்குக் குழந்தை முனகுகிறது. உறங்கும் மருமகளை எழுப்ப மனமில்லாத பாட்டி, அலமாரியில் கைக்கு அகப்பட்ட சிறு புட்டியிலிருந்து, பெரிய புட்டியின் மூடியால் அளந்து 5 மில்லிலிட்டர் ஊட்டுகிறாள். அது கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து. அந்த ஒரு மூடியில் 500 மில்லிகிராம். விடியற்காலை 4 மணிக்குத் தாய் விழித்துப் பார்க்கிறாள். தான் கொடுத்து எட்டு மணி நேரமாயிற்றே என்று மறுபடியும் 120 மில்லிகிராம் கொடுக்கிறாள்.

கூட்டிப் பாருங்கள். எட்டு மணி நேரத்தில் 865 மில்லிகிராம். அந்தக் குழந்தைக்கு ஒரு முழு நாளைக்கே 600 மில்லிகிராமுக்கு மேல் ஆகாது. மூவரும் அன்பு மிகுந்தவர்கள். மூவரும் செய்தது குழந்தையின் நன்மைக்கே. ஆனால் ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரியாது. இந்த ஓர் இரவோடு நின்றால் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். சரிவர உணவும் இறங்காமல், இதே முறை இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் ஈரல் கெடும்.

காரணத்தையும் அறிந்துகொள்வது நல்லது. பாரசிட்டமாலை ஈரல் பக்குவம் செய்து வெளியேற்றுகிறது. அப்போது அதில் ஒரு சிறு பங்கு நஞ்சாக மாறுகிறது. அந்த நஞ்சை முறிப்பதற்கு ஈரல் தன்னிடம் குளூட்டாதையோன் என்னும் பொருளைக் கையிருப்பாக வைத்திருக்கிறது. அளவான மருந்துக்கு அந்த இருப்பு தாராளமாகப் போதும். அளவு மீறினால் இருப்புக் கரைந்து, நஞ்சு ஈரலையே தாக்கும். பட்டினி கிடக்கும் குழந்தைக்கும் மெலிந்த குழந்தைக்கும் இந்த இருப்பு ஏற்கெனவே குறைவு. எனவே அவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை.

மருந்து எதற்காக?

காய்ச்சல் தானே ஒரு நோயன்று. நோயை எதிர்த்து உடல் நடத்தும் போரின் அடையாளம் அது. உடம்புச் சூடு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட்டை எட்டினால் காய்ச்சல் என்கிறோம். தெர்மாமீட்டரில் எண்ணைக் கண்ட மாத்திரத்திலேயே மருந்து கொடுக்க வேண்டுவதில்லை. சூடு இருந்தும் குழந்தை விளையாடிக்கொண்டு, பாலும் தண்ணீரும் குடித்துக்கொண்டு இருந்தால் பொறுத்திருக்கலாம். வலியாலும் சூட்டாலும் அது துவண்டு, அழுது, உண்ண மறுத்தால் அந்தத் துன்பத்தைத் தணிப்பதற்குத்தான் மருந்து. பாரசிட்டமால் கொடுத்துவிட்டால் காய்ச்சல் வலிப்பு வராது என்று எண்ணுவதும் தவறு. வலிப்பைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.

காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு மருந்தினும் முதலில் வேண்டியது நீர். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அடிக்கடி பால் கொடுக்க வேண்டும். பெரிய குழந்தைக்குக் கஞ்சி, இளநீர், காய்ச்சி ஆற்றிய நீர் கொடுக்கலாம். கம்பளியால் மூடி வியர்க்க வைப்பதும், பனிக்கட்டி நீரால் துடைப்பதும் வேண்டா. மெல்லிய பருத்தி ஆடையும் காற்றோட்டமுமே போதும்.

முதற் கணக்கு: எடை

குழந்தைக்கு மருந்தை வயதைக் கொண்டு கணிப்பது தோராயமே. எடையைக் கொண்டு கணிப்பதே திட்டம். இரண்டு வயதுக் குழந்தைகள் இருவரில் ஒன்று 9 கிலோவும் மற்றொன்று 13 கிலோவும் இருக்கலாம். இருவருக்கும் ஒரே அளவு எப்படிப் பொருந்தும்?

ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது பாரசிட்டமாலின் அளவு. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையில் ஆறு மணி நேரம் விடுவது நல்லது. நான்கு மணி நேரத்துக்குக் குறையவே கூடாது. 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கொடுக்கலாகாது. இந்த மூன்று எண்களும் மனத்தில் நிற்குமானால் பாதி ஆபத்து நீங்கியது.

குழந்தையின் எடையை அறிவது அரிதன்று. அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை போடுகிறார்கள். தாய்சேய் நல அட்டையில் குறிக்கிறார்கள். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிய எண்ணை எழுதுங்கள். காய்ச்சல் கண்ட நடு இரவில் தராசைத் தேடிப் போக முடியாதல்லவா?

இரண்டாங் கணக்கு: புட்டியின் நம்பர்

நெசவாளருக்கு இதை விளக்குதல் எளிது. ஒரு ராத்தல் 40ஆம் நம்பர் நூலில் 840 கஜச் சிட்டங்கள் 40 இருக்கும். அதே ஒரு ராத்தல் 80ஆம் நம்பர் நூலில் 80 சிட்டங்கள் இருக்கும். எடை ஒன்றே, நீளம் இரு மடங்கு. நம்பரைப் பாராமல் நூலை எடுத்துப் பாவு ஓட்டும் நெசவாளர் எவரேனும் உண்டா?

மருந்துப் புட்டிக்கும் இவ்வாறே ஒரு நம்பர் உண்டு. நம் நாட்டுக் கடைகளில் பாரசிட்டமால் திரவம் பொதுவாக மூன்று அடர்த்திகளில் கிடைக்கிறது. சொட்டு மருந்தில் 1 மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம். ஒரு வகைச் சிரப்பில் 5 மில்லிலிட்டருக்கு 120 அல்லது 125 மில்லிகிராம். மற்றொரு வகைச் சிரப்பில் 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம். நிறமும் இனிப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், வலிமையோ வெவ்வேறு.

10 கிலோக் குழந்தைக்கு ஏறத்தாழ 120 மில்லிகிராம் கொடுக்க எண்ணினால், சொட்டு மருந்தில் 1.2 மில்லிலிட்டர் போதும். 120 என்று குறித்த சிரப்பில் 5 மில்லிலிட்டர் வேண்டும். 250 என்று குறித்த சிரப்பில் சுமார் 2.5 மில்லிலிட்டர் வேண்டும்.

சிறிய புட்டியில் இருப்பது சின்னக் குழந்தைக்கான மெல்லிய மருந்து என்றே பலர் நினைக்கின்றனர். உண்மை நேர்மாறானது. 15 மில்லிலிட்டர் கொண்ட ஒரு சொட்டு மருந்துப் புட்டியில் மொத்தம் 1,500 மில்லிகிராம் மருந்து உண்டு. 60 மில்லிலிட்டர் கொண்ட 120 சிரப்புப் புட்டி முழுவதிலும் 1,440 மில்லிகிராமே உண்டு. விரல் நீளப் புட்டியில் பெரிய புட்டியின் சரக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது! கைக்குழந்தைக்குச் சில சொட்டுகளே ஊட்ட முடியும் என்பதால் அவ்வாறு அடர்த்தியாகச் செய்கிறார்கள். மேற்கூறிய பாட்டி இடறியது இந்த இடத்தில்தான்.

இக்குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் இத்தகைய தவறுகள் நேர்வதைக் கண்டு, கைக்குழந்தைகளுக்கான அடர்ந்த சொட்டு மருந்தை நிறுத்திவிட்டு, 5 மில்லிலிட்டருக்கு 160 மில்லிகிராம் என்ற ஒரே அடர்த்தியில் திரவ மருந்தைச் செய்வதென 2011இல் அந்நாட்டு மருந்து உற்பத்தியாளர் முடிவு செய்தனர். நம் கடைகளில் மூன்று வகையும் அருகருகே நிற்கின்றன. ஆதலால் நாம்தாம் விழித்திருக்க வேண்டும். அந்நாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் புட்டிகளில் அசெட்டமினோஃபென் என்று எழுதியிருந்தால், அது பாரசிட்டமாலுக்கே மற்றொரு பெயர் என்பதையும் அறிந்திருங்கள்.

பேச்சில் நாம் செய்யும் ஒரு பிழையும் உண்டு. எடையான மில்லிகிராமையும் கொள்ளளவான மில்லிலிட்டரையும் வெறும் "மில்லி" என்றே சொல்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. டாக்டரோ கடைக்காரரோ "அஞ்சு மில்லி கொடுங்கள்" என்றால், "எந்தப் புட்டியில்?" என்று திருப்பிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டா.

மூன்றாங் கணக்கு: கரண்டி

வீட்டுக் கரண்டி அளவுகோல் அன்று. உங்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். மருந்துடன் வந்த அளவு மூடியில் 5 மில்லிலிட்டர்க் கோடு வரை தண்ணீர் எடுத்து, அடுக்களையிலுள்ள கரண்டிகளில் ஒவ்வொன்றாக ஊற்றிப் பாருங்கள். ஒன்று வழியும், ஒன்று பாதிகூட நிறையாது. பச்சிளங் குழந்தையின் ஈரலை இத்தகைய கரண்டியிடம் ஒப்படைக்கலாமா?

படித்தவர்களும் இதில் தவறுகிறார்கள். 2016இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 2,110 பெற்றோரிடம் அளவுக் கருவிகளைக் கொடுத்து மருந்தை அளக்கச் சொன்னார்கள். நூற்றுக்கு 84 பேர் ஒரு தடவையேனும் அளவில் தவறினர். நூற்றுக்கு 21 பேர் ஒரு தடவையேனும் இரு மடங்குக்கு மேல் எடுத்துவிட்டனர். மூடியால் அளந்தவர்களைவிட ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்தவர்கள் மிகக் குறைவாகவே தவறினர். அத்தகைய சிரிஞ்சு மருந்துக் கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும். எழுத்துப் படிக்க வராதவர், கடைக்காரரைக் கொண்டே உரிய கோட்டில் மையால் ஓர் அடையாளம் போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஊட்டும் முறையையும் சொல்லிவிடுவோம். புட்டியை நன்றாகக் குலுக்குங்கள். அடியில் மருந்து தங்கியிருக்கும். குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, சிரிஞ்சைக் கன்னத்தின் உட்புறமாக வைத்துச் சிறிது சிறிதாகச் செலுத்துங்கள். படுக்க வைத்தும், மூக்கைப் பிடித்தும் ஊற்றினால் மருந்து மூச்சுக் குழலில் இறங்கும். பால் புட்டியில் கலக்கவும் வேண்டா. குழந்தை பாதியில் நிறுத்திவிட்டால் எவ்வளவு உள்ளே போயிற்று என்பது தெரியாமற் போகும். கொடுத்த அரை மணி நேரத்துக்குள் முழுவதும் வாந்தி எடுத்துவிட்டால் அதே அளவை ஒரு முறை மட்டும் திரும்பக் கொடுக்கலாம். அரை மணிக்கு மேலாகிவிட்டால் அடுத்த வேளை வரை காத்திருக்க வேண்டும்.

பெரியவர்களின் மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. 500 மில்லிகிராம் மாத்திரையும் 650 மில்லிகிராம் மாத்திரையும் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும். நகத்தால் கிள்ளிய கால் பங்கு அரைப் பங்காகவும் இருக்கக்கூடும். டாக்டரோ கிராம சுகாதார செவிலியரோ மாத்திரையைக் காட்டிப் பங்கு சொல்லியிருந்தாலன்றி இவ்வாறு செய்யாதிருப்பதே நலம்.

நான்காங் கணக்கு: நோட்டு

ஒரு பழைய நோட்டின் கடைசித் தாள் போதும். தேதி, மணி, மருந்தின் பெயர், அளவு, கொடுத்தவர் என்று ஐந்து கட்டங்கள் போடுங்கள். எவர் மருந்து கொடுத்தாலும் முதலில் தாளைப் பார்க்க வேண்டும். கொடுத்தவுடன் எழுத வேண்டும். எழுதத் தெரியாத பாட்டி ஒரு கோடு கிழித்தாலும் போதும். அந்த ஒரு தாள் இருந்திருந்தால் மேற்சொன்ன வீட்டில் தகப்பனும் பாட்டியும் தயங்கியிருப்பர்.

டாக்டர் ஊசி போட்டிருந்தால் அது என்ன ஊசி என்று கேட்டு அதையும் எழுதுங்கள். ஊசியாகவும் பாரசிட்டமால் போடுவதுண்டு. ஆசனவாயில் வைக்கும் மருந்தாகவும் வருவதுண்டு. அவையும் அந்த நாளின் கணக்கில் சேர்ந்தவையே. வீட்டில் உரை மருந்தோ வேறு கைமருந்தோ கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் குறித்துவைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். நோட்டுடன் வரும் தாயைக் கண்டால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

ஏனைய மருந்துகள்

ஆஸ்பிரின் ஒரு காலத்தில் குழந்தைகளுக்கும் தாராளமாகக் கொடுக்கப்பட்டது. 1963இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ரால்ப் டக்ளஸ் ரே என்பவர், குழந்தைகளின் மூளையையும் ஈரலையும் ஒருங்கே தாக்கும் ஒரு கொடிய நோயை விவரித்தார். அது அவர் பெயராலேயே வழங்குகிறது. சளிக்காய்ச்சலோ அம்மையோ கண்ட குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுப்பதோடு அந்நோய் தொடர்புடையது என்பது பின்னர்த் தெரியவந்தது. 1980இல் அமெரிக்காவில் 555 பேருக்கு இந்நோய் கண்டது. எச்சரிக்கை பரவி, தாய்மார்கள் ஆஸ்பிரினைக் கைவிட்ட பின், 1987 முதல் ஆண்டுக்கு 36 பேருக்கு மேல் காணவில்லை. அறிவு ஒன்றே இத்தனை உயிர்களைக் காத்தது. 16 வயது நிரம்பாதவர்க்கு, டாக்டர் தனிப்பட்ட காரணத்துக்காக எழுதினாலன்றி, ஆஸ்பிரின் ஆகாது.

நிமசுலைடு என்னும் மருந்தை 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்துவதை இந்திய அரசாங்கம் 2011இல் தடை செய்தது. பழைய சீட்டைக் காட்டியோ பக்கத்து வீட்டார் சொல்லைக் கேட்டோ அதை வாங்கலாகாது. மெஃபனாமிக் அமிலம் கலந்த திரவங்களும் டாக்டர் சொல்லாமல் கொடுக்கத் தக்கவை அல்ல.

ஐபுப்ரோஃபென் நல்ல மருந்தே. எனினும் அதற்கு வரம்புகள் மிகுதி. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு டாக்டர் சொல்லாமல் கொடுக்கலாகாது. வயிற்றுப்போக்காலும் வாந்தியாலும் நீர் வற்றிய குழந்தைக்குக் கொடுத்தால் சிறுநீரகம் கெடலாம். சின்னம்மை கண்டபோது ஆகாது. டெங்கு பரவும் காலத்தில் எந்தக் காய்ச்சலுக்கும் அதைக் கொடுக்கலாகாது. இரத்தப்போக்கை அது மிகுவிக்கும். பாரசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் சேர்ந்த ஒரே புட்டியும் கடைகளில் உண்டு. புட்டியின் முகப்புப் பெயரைப் பார்த்து ஏமாறாமல், சிறிய எழுத்தில் உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்று படிக்கவோ படிக்கச் சொல்லிக் கேட்கவோ வேண்டும்.

கணக்கிற்கு அப்பாற்பட்ட நஞ்சு

தாய் எவ்வளவு சரியாக அளந்தாலும் புட்டிக்குள்ளேயே நஞ்சிருந்தால் என் செய்வது? 2025ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இருபதுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். அந்த மருந்து நம் தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யப்பட்டது என்பது நாம் தலைகுனிய வேண்டிய செய்தி. சோதித்தபோது அதில் நூற்றுக்கு 48.6 பங்கு டையெத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுத் திரவம் இருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று தமிழக அரசு அம்மருந்தின் விற்பனையைத் தடை செய்தது. இதே நஞ்சு பாரசிட்டமால் சிரப்பில் கலந்து 1996இல் ஹைதி நாட்டில் குழந்தைகளைக் கொன்றிருக்கிறது.

இக்குற்றத்தைத் தடுக்கும் பொறுப்பு மருந்து செய்பவர்களுக்கும் அரசாங்கத்துக்கும் உரியது. நாம் செய்யக்கூடியவை சிலவே. அவற்றையாவது தவறாமல் செய்வோம். உரிமம் பெற்ற கடையில், முத்திரை உடையாத புட்டியை, ரசீதுடன் வாங்குங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். மருந்து தீரும் வரை ரசீதையும் புட்டியையும் எறியாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சளி, இருமல் மருந்துகள் பொதுவாக வேண்டியதில்லை என்று மத்திய சுகாதாரத் துறையே 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. தேவையற்ற மருந்தை வாங்காதிருப்பதே அதன் நஞ்சிலிருந்து தப்பும் முதல் வழி. மருந்து குடித்தபின் குழந்தை பல மணி நேரம் சிறுநீர் கழிக்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

விவசாய வீடுகளுக்குத் தனியே ஒரு சொல். பூச்சிமருந்து அளக்கும் மூடியும் குழந்தை மருந்து அளக்கும் மூடியும் ஒரே அலமாரியில் இருக்கலாகாது. வெறும் சிரப்புப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ பூச்சிமருந்தை ஊற்றி வைப்பது, கூரையில் கொள்ளியைச் செருகி வைப்பதற்கு ஒப்பாகும். குழந்தை மருந்தையும் கைக்கெட்டாத உயரத்தில் வைத்துப் பூட்டுங்கள். "இது மிட்டாய் தண்ணி" என்று சொல்லி ஊட்டாதீர்கள்; நீங்கள் இல்லாத வேளையில் குழந்தை அந்த மிட்டாயைத் தேடும்.

எப்போது டாக்டரிடம் செல்வது?

மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் வீட்டில் மருந்து கொடுத்துக்கொண்டு காத்திருக்கலாகாது. உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். தடுப்பூசி போட்ட அன்றும் மறுநாளும் காணும் காய்ச்சலுக்கு மட்டும் செவிலியர் சொல்லி அனுப்பிய முறைப்படி கொடுக்கலாம். குழந்தை பால் குடிக்காமலோ சோர்ந்தோ கிடந்தால் அப்போதும் தாமதிக்கலாகாது.

எவ்வயதுக் குழந்தையாயினும் வலிப்பு வந்தாலும், எழுப்பினும் விழிக்காமல் மயங்கினாலும், கழுத்து விறைத்தாலும், எதைக் குடித்தாலும் வாந்தி எடுத்தாலும், உடலில் செந்நிறப் புள்ளிகள் தோன்றினாலும் நேரம் போக்கலாகாது. மூச்சையும் எண்ணிப் பாருங்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரையுள்ள குழந்தைக்கு 50 அல்லது அதற்கு மேலும், ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரையுள்ள குழந்தைக்கு 40 அல்லது அதற்கு மேலும் இருந்தால் அது நிமோனியாவின் அறிகுறியாகலாம். மூச்சிழுக்கும்போது விலா எலும்பின் கீழ் குழி விழுந்தால் அது மேலும் ஆபத்து. மூன்று நாளாகியும் காய்ச்சல் விடாவிட்டால் மருந்தைத் தொடராமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

டெங்குவில் ஒரு வஞ்சகம் உண்டு. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்; வீட்டார் மகிழ்வர். உண்மையில் ஆபத்துக் காலம் அப்போதுதான் தொடங்குகிறது. வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கை கால் சில்லிடுதல் இவற்றுள் ஒன்று கண்டாலும் இரவென்றும் பகலென்றும் பார்க்க வேண்டா.

அளவு தவறிவிட்டது என்று அறிந்தால்?

மிகுதியாகக் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்த உடனே, குழந்தை நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும், ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். பாரசிட்டமாலின் நஞ்சு முதல் நாளில் பெரும்பாலும் அடையாளம் காட்டாது. கண்ணில் மஞ்சள் தெரியும்போது ஈரல் வெகுவாகக் கெட்டிருக்கும். இதற்கு அசெட்டைல் சிஸ்டீன் என்னும் மாற்று மருந்து உண்டு. மருந்து உட்சென்ற எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் அது மிகச் சிறப்பாகக் காக்கும். நேரம் கடந்துவிட்டாலும் போகாதிருந்துவிடாதீர்கள். வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். புட்டியையும் நோட்டுத் தாளையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். 108 எண்ணுக்குச் சொன்னால் ஆம்புலன்ஸ் வரும்.

இந்த நேரத்தில் வீட்டில் ஒருவரையொருவர் பழிக்கத் தொடங்கினால் உண்மை மறையும். "நான் கொடுக்கவில்லை" என்று அஞ்சிய பாட்டி சொல்லிவிட்டால் டாக்டர் எதைக் கொண்டு வைத்தியம் செய்வார்? தவறிக் கொடுத்தவர் துணிந்து சொல்லும்படி மற்றவர்கள் நடந்துகொள்ள வேண்டும். கணக்கில் பிழை நேர்வது இயல்பு. மறைக்கப்பட்ட பிழையே சங்கத்தைக் கெடுக்கும், வீட்டையும் கெடுக்கும்.

முடிவாக அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தன்று உங்கள் பகுதி சுகாதார செவிலியரை ஒரு மணி நேரம் சங்கத்துக்கு அழையுங்கள். ஒவ்வொரு தாயும் வீட்டிலுள்ள காய்ச்சல் மருந்துப் புட்டியையும் கரண்டியையும் கொண்டுவரட்டும். செவிலியர் புட்டியின் நம்பரைப் படித்துக் காட்டி, குழந்தையின் எடைக்கு உரிய கோட்டை மையால் குறித்துக் கொடுக்கட்டும். இதற்குச் சங்கத்தின் நிதியில் செலவு ஏதும் இல்லை.

எடை, நம்பர், அளவு, மணி: இந்த நான்கையும் நூலுக்கும் நெல்லுக்கும் பார்க்கத் தெரிந்த கைகள் நம்முடையவை. அவை குழந்தைக்கும் பார்க்கட்டும். இன்று மாலை தறியை விட்டு எழுந்ததும், முதல் வேலையாக அலமாரியைத் திறந்து அந்தப் புட்டியின் நம்பரைப் படித்துப் பாருங்கள்.